தினம் ஒரு பக்கம்: "எனக்கு வரைய வராது" என்பவர்களுக்காக



இந்த மாதப் பாடத்துக்கு இரண்டே பொருள் போதும். கோடு போடாத ஒரு சின்ன நோட்டு, ஒரு கறுப்புப் பேனா. பெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து ஸ்டேஷனரிக் கடையிலேயே பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். பென்சில் வேண்டாம். அழிப்பான் கண்டிப்பாக வேண்டாம். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஓவியன் இல்லை. பள்ளியில் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே எழுதினால் ஆசிரியர் குழு இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனாலும் 14 மாதமாகத் தினமும் ஒரு பக்கம் வரைகிறேன். நான்கு நோட்டு நிரம்பி ஐந்தாவது ஓடுகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும், விருப்பப்பட்ட எட்டு ஒன்பது பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து இதையே செய்கிறோம். அங்கே நான் கவனித்ததையும், படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளை கையில் பேனா கொடுத்துப் பாருங்கள், வீட்டுச் சுவர் தப்பாது. யானையா நாயா என்று நமக்குத்தான் சந்தேகம் வரும், அதுக்கு வராது. அதே பிள்ளை படிவம் 1க்கு வந்ததும், "அண்ணா, எனக்கு வரையவே வராதுண்ணா" என்கிறது. நடுவில் என்ன நடந்தது? கை கெட்டுப் போகவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளையின் படத்தைப் பார்த்தது, மதிப்பெண் பார்த்தது, யாரோ சிரித்ததைப் பார்த்தது. "வராது" என்ற தீர்ப்பைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது.

வரையாவிட்டால் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் ஓவியத்தில் இல்லை. என் வகுப்பு நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன், அவன் அனுமதியோடுதான். கணக்கில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரன். இரண்டாம் ஆண்டு வடிவமைப்புப் பாடத்தில் ஐந்து பேர் கொண்ட குழு. லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி வீடுகளுக்குக் கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போக ஒரு தள்ளுவண்டி வடிவமைக்க வேண்டும். இவனுடைய மாமா கேஸ் டெலிவரி வேலை செய்தவர். சிலிண்டரை எப்படிச் சாய்த்து உருட்டுவார்கள், எத்தனையாவது மாடியில் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் இவனுக்கு அத்துப்படி. ஒரு சக்கரம் இருக்கும் இடத்தில் மூன்று சின்னச் சக்கரத்தை முக்கோணமாக வைக்கலாம், படியில் முட்டும்போது முக்கோணமே சுழன்று அடுத்த படியில் ஏறிவிடும் என்று யோசித்திருந்தான். அந்த மாதிரி வண்டி உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இவன் அதைப் பார்த்ததே இல்லை, தன் மண்டையிலேயே கண்டுபிடித்தான்!

மார்க்கரை அவனிடம் நீட்டினோம். "எனக்கு வரைய வராதுடா, வாயால சொல்றேன்" என்றான். சொன்னான். ஒருத்தருக்கும் புரியவில்லை. இன்னொருவன் எழுந்து வெள்ளைப் பலகையில் கோணல்மாணலாக ஒரு பெட்டி, கீழே இரண்டு வட்டம் போட்டான். அவ்வளவுதான், ஐந்து பேரும் அந்தப் படத்தைச் சுற்றி நின்றுகொண்டோம். கைப்பிடி எவ்வளவு உயரம், பட்டை எங்கே கட்டுவது என்று அந்தப் பெட்டியைத்தான் பேசினோம், அதைத்தான் கடைசியில் செய்தோம். மூன்று சக்கர யோசனை அந்த அறையிலேயே செத்துப்போனது. பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் இப்படிப் பின்னால் நிற்பதை நான் நிறையப் பார்க்கிறேன். அறிவு குறைவில்லை. அரைகுறையான ஒன்றை நாலு பேர் முன்னால் வைக்கிற துணிச்சல்தான் இல்லை. இந்தப் பாடம் அந்தத் துணிச்சலைப் பற்றியது. ஸ்கெட்ச் நோட்டு அதற்கு ஒரு கருவி.

துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

நாம் பொதுவாக நினைப்பது, பாராட்டினால் தன்னம்பிக்கை வரும் என்று. அதனால்தான் பிள்ளை எதைக் கிறுக்கினாலும் "வாவ், சூப்பர்" என்கிறோம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேறு கதை சொல்கிறது. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர். நாமே செய்து பார்த்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் நம் உடம்பும் மனமும் இருக்கிற நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. பாராட்டு அதற்குப் பின்னால்தான் நிற்கிறது.

பாண்டூராவும் அவர் குழுவினரும் பாம்புக்குப் பயப்படுகிறவர்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார்கள். பயப்படுகிறவரிடம் "பயப்படாதே" என்று சொன்னால் வேலைக்காகாது. படிப்படியாகப் போனார்கள். முதலில் வேறொருவர் பாம்பைக் கையாளுவதைத் தூர இருந்து பார்க்க வேண்டும். பிறகு அதே அறைக்குள் வர வேண்டும், பிறகு கையுறை போட்டுத் தொட வேண்டும். கடைசியில் பலர் பாம்பை வெறுங்கையால் பிடித்தார்கள். அதை விட முக்கியமான ஒன்றைப் பின்னர் கவனித்தார்கள். பாம்புப் பயம் போனவர்களில் பலர், வாழ்க்கையில் பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களிலும் தங்களுக்குத் துணிச்சல் கூடிவிட்டதாகச் சொன்னார்கள்.

இதை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டு வந்தவர் டேவிட் கெல்லி. மின்பொறியியல் படித்தவர், ஐடியோ நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் அவர் சகோதரர் டாம் கெல்லியும் 2013இல் 'கிரியேட்டிவ் கான்ஃபிடன்ஸ்' என்ற புத்தகம் வெளியிட்டார்கள். அதில் பாண்டூராவின் பாம்புச் சோதனைக்குத் தனி இடம் உண்டு. கேலிக்கும் தோல்விக்கும் பயப்படுகிறவரையும் இப்படித்தான் சின்னச் சின்னப் படியாக ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

என் கண்ணுக்கு ஸ்கெட்ச் நோட்டை விடச் சின்னப் படி வேறு இல்லை. ஒரு பக்கம், பத்து நிமிடம், யாரும் பார்க்கப்போவதில்லை. படம் கெட்டுப்போனால் நஷ்டம் ஐந்து காசுத் தாள். அதே நேரத்தில் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும், அழியாது. நூறு பக்கம் சேர்ந்த பிறகு "என்னால முடியாது" என்று உங்கள் மனசு சொன்னால், நோட்டை எடுத்து மேசையில் போடலாம். சாட்சி இருக்கிறது.

பாட்டியின் நோட்டு

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பாட்டியிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. பழைய கணக்கு நோட்டுதான். ஒரு பக்கத்தில் 7 புள்ளி 4 வரை ஊடுபுள்ளி, அடுத்த பக்கத்தில் 15 புள்ளி 8 வரை. பக்கத்து வீட்டில் பார்த்தது, பத்திரிகையில் வந்தது, தானே மாற்றிப் போட்டது என எல்லாம் கலந்து கிடக்கும். சிலதில் பாதியில் கோடு நின்றுவிட்டிருக்கும், சிக்கு அவிழவில்லை போல. அதன் மேல் அவர் எதையும் அடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. பக்கத்திலேயே மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம், அம்மாவிடமோ அம்மாயியிடமோ கேட்டுப் பாருங்கள்.

யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தினம் காலையில் தரையில் ஓர் ஓவியம். அரிசி மாவுக்கு அழிப்பான் கிடையாது. மத்தியானத்துக்குள் நாலு பேர் மிதித்து, எறும்பு தின்று, மழை வந்து போய்விடும். மறுநாள் புதிதாகப் போட வேண்டும். "நீங்க ஆர்டிஸ்டா?" என்று பாட்டியிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் புது வீட்டுப் புகுவிழாவுக்கு முற்றத்தை நிறைத்துக் கோலம் போடச் சொன்னால், ஒரு நிமிடம் தரையைப் பார்ப்பார், புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு நிமிடத்தில் பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் தேடுகிற துணிச்சலுக்கு இதை விடத் துல்லியமான உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு செய்தி, கணினி படிக்கும் பிள்ளைகளுக்காக. 1970களில் சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோர் கோலத்தை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். ஒரு சிக்கலான வடிவத்தை எத்தனை எளிய விதிகளால் உருவாக்கலாம் என்ற கணினி அறிவியல் கேள்விக்குக் கோலம் நல்ல உதாரணமாக இருந்தது. வாசலில் குனிந்திருந்தவர்கள் செய்துகொண்டிருந்தது சும்மா வேலை இல்லை.

வரைந்தால்தான் கண் திறக்கும்

பொறியியல் மாணவனாக என்னை அதிகம் பாதித்த கதை இது. 1609ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித மேதை தொலைநோக்கி வழியாகச் சந்திரனைப் பார்த்து வரைந்தார். கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்னாலேயே! ஆனால் அவருடைய முதல் படத்தில் இருந்தது ஒரு பிறை, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் கரடுமுரடான ஒரு கோடு, அங்கங்கே கொஞ்சம் நிழல். அவ்வளவுதான். அதே ஆண்டு இறுதியில் கலிலியோ பார்த்தார், வரைந்தார். அந்தக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது, இருட்டுப் பக்கத்தில் ஏன் தனித்தனி வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றன என்று கேட்டார். காலை வெயில் முதலில் மலை உச்சியில்தானே விழும்? அப்படியானால் சந்திரனில் மலை இருக்கிறது. 1610இல் தம் புத்தகத்தில் அந்தப் படங்களை வெளியிட்டார். அதற்குப் பிறகு ஹாரியட் வரைந்த படங்களிலும் வட்டப் பள்ளங்கள் வரத் தொடங்கின.

இருவரிடமும் தொலைநோக்கி இருந்தது, இருவருக்கும் கணிதம் தெரியும். கலிலியோவுக்கு ஓவியப் பயிற்சியும் இருந்தது, நிழலைப் பார்த்து வடிவத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது என்று கலை வரலாற்றாளர்கள் விளக்குகிறார்கள். 1613இல் ஃபிளாரன்ஸ் நகர ஓவியர்களின் கழகமே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

நமக்கு நெருக்கமான சோதனை ஒன்று. பத்துமலைக்குப் போகாத ஆள் இங்கே யாரும் இல்லை. 2006இல் திறந்த அந்த 42.7 மீட்டர் முருகன் சிலை முன்னால் நின்று எத்தனை செல்ஃபி எடுத்திருப்போம்? இப்போது கைபேசியைப் பார்க்காமல் சொல்லுங்கள். வேல் எந்தக் கையில்? இன்னொரு கை எங்கே இருக்கிறது? எந்தக் கால் முன்னால்? எங்கள் ஞாயிறு வகுப்பில் கேட்டபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து நின்று சிலை மாதிரி கையை வைத்துப் பார்த்தும் முடிவுக்கு வரவில்லை, சண்டை வந்ததுதான் மிச்சம். பத்து நிமிடம் எதிரில் உட்கார்ந்து வரைந்திருந்தால் சாகும் வரை மறக்காது. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு வரைந்த ஓவியர் சில்பி, தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய், மூர்த்திகள் முன்னால் உட்கார்ந்துதான் வரைந்தார். அந்தப் படங்களைப் பூஜை அறையில் வைத்த குடும்பங்கள் எத்தனையோ.

சரி, எப்படித் தொடங்குவது?

நோட்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தாள் பெரிய படம் கேட்கும், பெரிய படம் பயம் கொடுக்கும். தைத்த நோட்டாக இருக்கட்டும். வளையம் போட்ட நோட்டு என்றால் கை தானாகக் கிழிக்கப் போகும். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு யாராவது பரிசாகக் கொடுத்தால், அதை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். அந்த மாதிரி நோட்டில் தைரியமாகக் கிறுக்கிய ஆளை நான் பார்த்ததில்லை. முதல் பக்கத்தைக் காலியாக விட்டு இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

பேனா ஏன்? பென்சிலும் அழிப்பானும் இருந்தால் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அழிக்கத்தான் போகும். எங்கள் வகுப்பில் படிவம் 2 படிக்கும் தம்பி ஒருவன் முதல் வாரம் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டு வரைந்தான். ஒரே கோட்டை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. பேனாவைக் கொடுத்ததும் முகம் வெளுத்தது. "தப்பாப் போனா என்னண்ணா செய்றது?" என்றான். பக்கத்திலேயே இன்னொரு கோடு போடு, முதல் கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். இரண்டு கோடும் இருந்தால்தான் எது சரி என்று கண்ணுக்குத் தெரியும். ஒன்றை அழித்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

நேரம். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. ஏற்கெனவே தினம் செய்கிற ஒரு காரியத்தோடு ஒட்டிவிடுங்கள். எனக்கு அது ரயில். கே.டி.எம். வண்டி தாமதமாக வந்தால் எல்லாரும் திட்டுவார்கள், எனக்குக் கூடுதலாக ஒரு படம். உங்களுக்கு அது தேத்தாரேக் ஆறும் நேரமாக இருக்கலாம், இரவு விளக்கு அணைக்கும் முன்னாக இருக்கலாம்.

எதை வரைவது என்று யோசித்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடமும் போய்விடும். கண் முன்னால் இருக்கிறதை வரையுங்கள். வாசலில் கிடக்கும் சிலிப்பர், தண்ணீர்ப் போத்தல், சார்ஜர் வயர், மாமாக் கடை மேசையில் ரொட்டி சானாய் தட்டு. முதல் வாரம் ஒரே ஒரு பயிற்சி போதும். பொருளையே பார்த்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், அதன் ஓரத்தின் மேல் எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணை நகர்த்துங்கள். கண் நகரும் அளவுக்குத்தான் பேனாவும் நகர வேண்டும். கிமோன் நிக்கோலைடஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் இப்படிப்பட்ட பயிற்சிகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார், அவர் பாடங்கள் 1941இல் புத்தகமாக வந்தன. படம் கண்டிப்பாகக் கோணலாக வரும். சிலிப்பர் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்பதால் யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாது, வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சிரிப்போம்.

இரண்டாம் வாரம் குத்துவிளக்குக்கு வாருங்கள். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தது இதுதான். முதலில் நெட்டாக ஒரு கோடு, அதுதான் விளக்கின் முதுகெலும்பு. கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பேனாவை நெட்டாகப் பிடித்துக் கட்டை விரலால் அளவெடுங்கள். அடித்தட்டின் அகலம் விளக்கின் உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது? அதைக் கோட்டில் குறியுங்கள். தண்டில் இருக்கும் முடிச்சுகள், எண்ணெய்த் தட்டு, உச்சி என எல்லாவற்றுக்கும் இடம் குறித்த பிறகுதான் உருவம்.

இப்போதுதான் வேடிக்கை. எண்ணெய்த் தட்டும் வட்டம், அடித்தட்டும் வட்டம். ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், கண் மட்டத்தில் இருக்கும் தட்டு ஏறக்குறைய ஒரு கோடாகத் தெரியும். அதற்குக் கீழே போகப் போக வட்டம் திறந்துகொண்டே வரும், அடித்தட்டு நன்றாக அகன்ற நீள்வட்டமாக இருக்கும். எழுந்து நின்றால் எல்லாமே மாறும். பிள்ளைகள் பெரும்பாலும் நீள்வட்டத்தின் இரண்டு முனையையும் மீன் மாதிரிக் கூராக வரைவார்கள். வட்டத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அதற்கு முனை முளைக்காது, ஓரம் வளைந்துதான் திரும்பும். இதைப் புரிந்துகொண்டவனுக்குக் குழாய், உருளை, பல்சக்கரம் எல்லாம் வரையலாம். எங்கள் முதலாம் ஆண்டு வரைபடப் பாடத்தில் பாதி இந்தக் குத்துவிளக்கிலேயே அடங்கிவிடுகிறது என்று சொன்னால் என் விரிவுரையாளர் கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

விளக்கை வரைந்த அன்று ஒன்பது பேர் படத்தையும் தரையில் வரிசையாக வைத்தோம். விருப்பமில்லாதவர்கள் வைக்க வேண்டாம் என்பது எங்கள் விதி, அன்று எல்லாரும் வைத்தார்கள். ஒரே விளக்கு, ஒன்பது விளக்கு. ஒன்றில் தண்டு சாய்ந்திருந்தது, ஒன்றில் திரியை மட்டும் கவனமாக வரைந்து மீதி காலி. குருக்கள் அந்தப் பக்கம் வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல எண்ணெய் வழியுறதைக்கூடப் போட்டிருக்கியேம்மா" என்றார். வரைந்த தங்கை அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இரண்டாவது வழி என்று பாண்டூரா சொன்னது இதுதான். நம்மைப் போன்ற ஒருவர் கோணலாக வரைந்து, அதைத் தைரியமாகத் தரையில் வைப்பதைப் பார்ப்பது.

எல்லாரும் கேட்கும் சில கேள்விகள்

ஒரு நாள் விட்டுப்போனால்? விட்டுப்போகும். பரீட்சை வரும், காய்ச்சல் வரும், தைப்பூசத்துக்கு ஓடுவோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் தரவில்லை. ஆகவே "21 நாளில் பழக்கம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு பக்கம் வரையவும் வேண்டாம். அப்படிச் செய்தால் நோட்டு கடன்காரன் மாதிரி ஆகிவிடும்.

இன்ஸ்டாகிராமில் போடலாமா? முதல் நூறு பக்கத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு, போட்டால்தான் உற்சாகம் வருகிறது என்பார்கள். ஆனால் லைக் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து நாம் நமக்குப் புதிதானதை வரைய மாட்டோம், நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப வரைவோம். மதிப்பெண்ணிலிருந்து தப்பிக்கத்தானே நோட்டு வாங்கினோம்?

படிப்பு கெட்டுவிடாதா என்று அம்மா கேட்டால், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வைச் சொல்லுங்கள். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களை விட, அந்தப் பொருளைச் சில விநாடி வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். 2016இல் வந்த முடிவு. படம் அழகாக இருந்ததா இல்லையா என்பது முக்கியமாகவே இல்லை. அறிவியல் பாடத்தில் இதயத்தையோ மின்சுற்றையோ புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து பாருங்கள், எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

"திறமை பிறவியிலேயே வர வேண்டும்" என்பவர்களுக்கு நம் நாட்டு லாட்டையே காட்டலாம். பேராக்கில் கம்பத்தில் வளர்ந்தவர், 13 வயதில் முதல் படக்கதைப் புத்தகம் வெளிவந்தது, 'கம்போங் பாய்' வந்தது 1979இல். இரண்டுக்கும் இடையில் 15 வருடம். அத்தனை வருடமும் வரைந்துகொண்டேதான் இருந்தார், நடுவில் குற்றச் செய்தி நிருபராக வேலை பார்த்த காலமும் உண்டு.

முழங்கையால் தாளை மறைத்த அந்தத் தம்பியைப் பற்றி அவன் அம்மா போன மாதம் ஒன்று சொன்னார். வீட்டு ஸ்டேண்ட் ஃபேன் சத்தம் போட்டதாம். கழற்றிச் சுத்தம் செய்ய அப்பா உட்கார்ந்ததும், இவன் நோட்டை எடுத்து வந்து எந்தத் திருகாணி எங்கே இருந்தது, எந்த வளையம் முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொன்றாக வரைந்து வைத்தானாம். யாரும் சொல்லவில்லை. திரும்ப மாட்டும்போது ஒரு வளையம் எங்கே போகிறது என்று அப்பாவுக்குக் குழப்பம், படத்தைப் பார்த்துத்தான் மாட்டினார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தை எங்களுக்குத் தானாகவே காட்டினான். ஃபேனின் தலை உடம்பை விடப் பெரிதாக இருந்தது. ஆனால் அம்புக்குறி போட்டு எண் எல்லாம் சரியாகக் கொடுத்திருந்தான், எங்கள் பட்டறை அறிக்கையிலேயே பலர் அதைச் செய்வதில்லை.

இந்த மாதத்துக்கான வேலை இதுதான். இன்று இரவு இரண்டாம் பக்கத்தில் தேதி போட்டு, உங்கள் சிலிப்பரைத் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். ஏழு நாள் ஏழு பொருள். அடுத்த வாரம் குத்துவிளக்கு, மூன்று நாள் உட்கார்ந்து, மூன்று நாள் நின்று, ஏழாம் நாள் ஏற்றிய பிறகு. மூன்றாம் வாரம் உங்கள் ஊர்க் கோயில் கோபுரம். சிலைகளை எண்ணப் போகாதீர்கள், எத்தனை நிலை என்று மட்டும் பார்த்து வெளிக்கோட்டைப் போடுங்கள். நான்காம் வாரம் வீட்டில் ஏதாவது ஓர் இயந்திரம், தையல் மெஷினோ சைக்கிள் சங்கிலியோ, எது வேண்டுமானாலும் சரி. வீட்டில் கோல நோட்டு இருந்தால் அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்துப் போட்டு, போட்டவரின் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்புக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். பக்கங்களை மட்டும் எண்ணுவேன், நீங்களாகக் காட்டினால் தவிரப் படங்களைப் பார்க்க மாட்டேன்.